அடி விழுந்த பிறகு சட்டம் வரும், அதுக்கு முன்னாடி?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடை எங்க பெரியம்மாகிட்ட இருந்து ஆரம்பிக்கிறேன். காஞ்சிபுரத்துல ஒரு மருத்துவமனையில ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க. எந்த மருத்துவமனைன்னு சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க.

ஒரு நைட் டியூட்டி. நெஞ்சு வலின்னு ஒருத்தரைச் சேர்த்திருக்காங்க. டியூட்டி டாக்டர் வேற வார்டுல ஒரு சீரியஸ் கேஸ்ல இருக்காரு. நோயாளியோட மகன் வந்து "டாக்டர் எங்க?"ன்னு கேட்கிறாரு. "வந்துடுவாருப்பா"ங்கிறாங்க பெரியம்மா. பத்து நிமிஷம் கழிச்சு மறுபடியும் அதே கேள்வி, அதே பதில். மூணாவது தடவை கேள்வி இல்லை, கன்னத்துல ஒரு அறை.

பெரியம்மா கீழே விழுந்த ட்ரேயை எடுத்து வச்சுட்டு, அந்த மகனோட அப்பாவுக்கே பிரஷர் பார்த்து, சார்ட்ல எழுதிட்டு, அடுத்த பெட்டுக்குப் போயிட்டாங்க. காலையில விஷயம் தெரிஞ்ச இன்சார்ஜ் சிஸ்டர் கேட்ட முதல் கேள்வி: "நீ என்னம்மா பேசின அவன்கிட்ட?"

பெரியம்மா என்கிட்ட சொன்னதை அப்படியே சொல்றேன். "அந்த ராத்திரி பல்ஸ், பிரஷர், போட்ட ஊசி, ஏத்தின ட்ரிப்ஸ், போன யூரின், எல்லாத்தையும் நேரம் போட்டு எழுதியிருக்கேன்டா. நான் வாங்கின அடி மட்டும் எந்த நோட்டுலயும் இல்லை."

நர்சிங் படிக்கிற பிள்ளைங்களுக்கு ஆரம்பத்துலயே சொல்லித் தர்ற பாடம், "எழுதலைன்னா செய்யலைன்னு அர்த்தம்". அந்தக் கணக்குப்படி பார்த்தா, அந்த அடி நடக்கவே இல்லை. மருத்துவமனையில நர்ஸ்கள் மேல நடக்கிற வன்முறையைத் தடுக்கிறதைப் பத்தி இன்னைக்குப் பேசப்போறோம். அந்த எழுதப்படாத வரியில இருந்துதான் எல்லாமே தொடங்குதுன்னு நான் நினைக்கிறேன்.

ஏன் நர்ஸ்?

உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு இது: மருத்துவத் துறையில் வேலை செய்பவர்களில் 8 முதல் 38 சதவீதம் பேர், தங்கள் பணிக்காலத்தில் ஒரு முறையாவது உடல்ரீதியான தாக்குதலைச் சந்திக்கிறார்கள். திட்டு, மிரட்டல் எல்லாம் இந்தக் கணக்குக்கு வெளியே.

இதுல நர்ஸ்கள் முன்வரிசையில நிக்கிறதுக்குக் காரணம் எளிமையானது. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துட்டுப் போவாரு. நர்ஸ் ஷிப்ட் முழுக்க அங்கேயே இருப்பாங்க. பெட் இல்லைன்னு முடிவு பண்றது அவங்க இல்லை. ஸ்கேன் லேட் ஆகிறதும் ரத்தம் வராததும் அவங்களால இல்லை. ஆனா அதையெல்லாம் நோயாளி குடும்பத்துகிட்ட சொல்ற வாய் அவங்களோடது. கடிதத்துல இருக்கிற கெட்ட செய்திக்குத் தபால்காரரை அடிக்கிற மாதிரி.

தாக்குறவர் யாருன்னு பார்த்து, பணியிட வன்முறையை நாலு வகையாப் பிரிப்பாங்க. ஒண்ணு, திருட வந்த வெளியாள். ரெண்டு, நோயாளி அல்லது அவரோட உறவினர். மூணு, கூட வேலை செய்யறவர். நாலு, நர்ஸோட சொந்த வாழ்க்கையில இருந்து வேலை இடம் வரைக்கும் துரத்தி வர்றவர். இதை ஏன் சொல்றேன்னா, ஒவ்வொண்ணுக்கும் தடுப்பு வேற வேற. வாசல்ல செக்யூரிட்டி போட்டா முதல் வகை குறையலாம். மூணாவது வகை ஆள் அடையாள அட்டை மாட்டிக்கிட்டு உள்ளேயே இருப்பார்.

இரண்டு சம்பவங்கள்

1973 நவம்பர் 27. மும்பை கே.ஈ.எம். மருத்துவமனை. அருணா ஷான்பாக் என்ற இளம் நர்ஸ், டியூட்டி முடிந்து மருத்துவமனையின் அடித்தளத்தில் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது, அங்கேயே வேலை செய்த ஒரு துப்புரவுப் பணியாளர் நாய்ச் சங்கிலியால் கழுத்தை இறுக்கி, அவரைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார். மூளைக்கு ஆக்சிஜன் போகாததால் அருணா நினைவு திரும்பவே இல்லை. கிட்டத்தட்ட 42 ஆண்டுகள் அதே மருத்துவமனையில் படுத்த படுக்கையாகக் கிடந்து, 2015 மே 18 அன்று இறந்தார். அத்தனை வருஷமும் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டவர்கள் அங்கிருந்த நர்ஸ்கள். தலைமுறை மாறியும் விடவில்லை. கருணைக்கொலை பற்றிய 2011 உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் இந்தப் பெயர் நமக்குத் தெரியும். ஆனா ஒரு சாதாரணக் கேள்வியை நாம கேட்டதே இல்லை. ஒரு நர்ஸ் உடை மாற்ற, உள்ளே பூட்டிக்கிற மாதிரி, ஆள் நடமாட்டம் உள்ள ஒரு அறை ஏன் இல்லை?

இரண்டாவது நமக்குப் பக்கத்துல. 2024 நவம்பர் 13, சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனை. புற்றுநோய் மருத்துவர் பாலாஜியை, அங்கே சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணின் மகன் புறநோயாளிகள் பிரிவிலேயே கத்தியால் பலமுறை குத்தினார். தாய்க்குத் தந்த சிகிச்சை சரியில்லை என்ற கோபம்தான் காரணம் என்று செய்திகள் வந்தன. டாக்டர் உயிர் பிழைத்தார். அவர் நர்ஸ் இல்லைதான். ஆனா அதே வளாகத்துல அதே குடும்பங்களோட நாள் முழுக்க நிக்கிறது நர்ஸ்கள்தானே.

இந்தச் செய்தி காஞ்சிபுரத்துக்கு இன்னும் நெருக்கம். அண்ணா புற்றுநோயால் 1969-ல் இறந்த பிறகு, அவர் பிறந்த இந்த ஊரில், காரப்பேட்டையில் அவர் பெயரில் புற்றுநோய் மருத்துவமனை வந்தது. மாசக்கணக்கா நீளும் சிகிச்சை, கையில காசு கரையறது, பதில் தெரியாம காத்திருக்கறது, இதெல்லாம் குடும்பங்களை என்ன பண்ணும்னு இந்த ஊருக்குத் தெரியும்.

சட்டம் இருக்கா? இருக்கு.

கிண்டி சம்பவம் நடந்தப்போ "டாக்டர், நர்ஸ் பாதுகாப்புக்குச் சட்டம் வேணும்"னு நிறைய பேர் போஸ்ட் போட்டாங்க. தமிழ்நாட்டில் 2008-லேயே சட்டம் வந்துவிட்டது. மருத்துவப் பணியாளர்கள், மருத்துவ நிறுவனங்கள் மீதான வன்முறையையும் சொத்துச் சேதத்தையும் தடுக்கும் சட்டம் அது. டாக்டர் மட்டுமில்லை, நர்ஸ்களும் அதில் அடக்கம். அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டுக்கும் பொருந்தும். தாக்கினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை. ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம்.

அரசு ஊழியரை வேலை செய்ய விடாமல் தாக்கினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 121, 132 பிரிவுகளும் சேரும். கொரோனா காலத்தில் 2020-ல் தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தி, படுகாயம் ஏற்படுத்தினால் 7 ஆண்டு வரை சிறை என்று மத்திய அரசு கொண்டுவந்தது. கேரளத்தில் 2023 மே மாதம் கொட்டாரக்கரை மருத்துவமனையில் டாக்டர் வந்தனா தாஸ் கொல்லப்பட்ட அடுத்த சில நாளிலேயே அந்த மாநிலமும் தன் சட்டத்தைக் கடுமையாக்கியது.

இவ்வளவு இருந்தும் ஏன் அடி விழுது? யோசிச்சுப் பாருங்க. அப்பா மூச்சுக்குத் தவிக்கிறப்போ கை ஓங்குற ஆளு, எந்தப் பிரிவுல எத்தனை வருஷம்னு கணக்குப் போடறதில்லை. அதோட, சட்டம் வேலை செய்யணும்னா யாராவது புகார் கொடுக்கணும். "எதுக்கும்மா வம்பு, கோர்ட்டு கேஸுன்னு அலையணும், சமாதானமா போயிடு"ன்னு முதல்ல சொல்றதே சில நேரம் நிர்வாகம்தான்.

ஒப்பந்த நர்ஸா இருந்தா இன்னும் சிக்கல். தமிழ்நாட்டில் 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தேர்வான ஆயிரக்கணக்கான நர்ஸ்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடியது நினைவிருக்கலாம். நாளைக்கு வேலை இருக்குமான்னு தெரியாத ஒருத்தர், இன்னைக்கு வாங்கின அடியைப் பத்திப் புகார் எழுத எவ்வளவு யோசிப்பாங்க?

இந்த இடத்தில் ஒரு நல்ல உத்தரவைச் சொல்லணும். கொல்கத்தா ஆர்.ஜி. கர் சம்பவத்துக்குப் பிறகு, 2024 ஆகஸ்ட் 16 அன்று மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகம் மத்திய அரசு மருத்துவமனைகளுக்கு ஒரு உத்தரவு போட்டது. பணியில் இருப்பவர் தாக்கப்பட்டால், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் நிறுவனமே எஃப்.ஐ.ஆர். பதிய நடவடிக்கை எடுக்க வேண்டும்; பொறுப்பு நிறுவனத் தலைவருடையது. அடி வாங்கினவங்க தோள்ல இருந்த சுமையை நிர்வாகத்தோட தோளுக்கு மாத்துற உத்தரவு. எல்லா மருத்துவமனையும் தனக்குத் தானே போட்டுக்க வேண்டிய விதி இது.

எது உண்மையிலேயே தடுக்குது?

முதல்ல, எழுதறது. அமெரிக்காவில் ஒரு மருத்துவமனைக் குழுமத்தின் 41 பிரிவுகளில் நடந்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. அந்தப் பிரிவுகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு அவர்களுடைய வார்டிலேயே பதிவான வன்முறைக் கணக்கைக் காட்டி, "உங்க வார்டுக்கு என்ன செய்யலாம்னு நீங்களே திட்டம் போடுங்க" என்றார்கள். மற்ற பாதி வழக்கம்போல நடந்தது. 6 மாதத்தில், திட்டம் போட்ட பிரிவுகளில் சம்பவங்கள் மற்ற பாதியைவிடக் குறைவு. 24 மாதத்தில், காயங்களும் குறைவு. பெரிய மெஷின் எதுவும் வாங்கலை. எப்போ, எங்க, யாரால நடந்ததுங்கிற நோட்டுதான் ஆயுதம். கலிஃபோர்னியா மாநிலத்தில் இப்படியொரு பதிவேடு வைப்பது மருத்துவமனைகளுக்குச் சட்டப்படி கட்டாயம். தடுப்புத் திட்டமும் எழுத்தில் இருக்க வேண்டும்.

ரெண்டாவது, சொல்றது. பிரிட்டனில் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் வன்முறையைக் குறைக்க டிசைன் கவுன்சில் ஒரு முயற்சி செய்தது. சுவரில் பலகைகள் வைத்தார்கள். நீங்க இப்போ எந்தக் கட்டத்துல இருக்கீங்க, அடுத்து என்ன நடக்கும், ஏன் காத்திருக்கணும், உங்களுக்குப் பின்னாடி வந்தவரை ஏன் முதல்ல கூப்பிடறாங்க, இவ்வளவுதான் அந்தப் பலகையில். மிரட்டும் உடல்மொழியும் ஆக்ரோஷமான நடத்தையும் பாதியாகக் குறைந்தது. பெரியம்மா கதையில "வந்துடுவாரு"ங்கிற பதில் ரெண்டு தடவை வந்ததே, அதுல தகவல் எதுவும் இல்லை பாருங்க. அது அவங்க தப்பில்லை. டாக்டர் எப்போ வருவாருன்னு அவங்களுக்கே யாரும் சொல்லலை.

மூணாவது, முன்கூட்டியே கவனிக்கிறது. நார்வேயில் உருவான ப்ரோசெட் என்ற பட்டியல் மனநல வார்டு நோயாளிகளுக்காக வந்தது. ஆறே அறிகுறிகள்: குழப்பம், எரிச்சல், கூச்சல், உடலால் மிரட்டுவது, வார்த்தையால் மிரட்டுவது, பொருளை அடிப்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். மூன்று வந்தாலே உடனே கூடுதல் ஆள் தேவை. இதுல என்ன பயன்னா, "எனக்கு ஏதோ பயமா இருக்கு சார்"னு நர்ஸ் தயங்க வேண்டாம். "ஸ்கோர் மூணு"ன்னா போதும்.

நாலாவது, ஆள் எண்ணிக்கை. இந்திய நர்சிங் கவுன்சில் நெறிப்படி, பொது வார்டில் கல்லூரி மருத்துவமனை என்றால் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனை என்றால் 5 நோயாளிக்கு ஒருவர். உங்க வீட்டுல யாரையாவது சேர்த்தப்போ ராத்திரி வார்டுல எத்தனை சிஸ்டர் இருந்தாங்கன்னு நினைச்சுப் பாருங்க. தனியா நிக்கிற ஒருத்தர்கிட்ட போய் இனிமையா பேசுங்கன்னு பயிற்சி கொடுத்து மட்டும் பிரயோஜனம் இல்லை.

காஞ்சிபுரத்துல இதை எப்படிப் பொருத்துறது?

கோர்வைப் புடவை நெய்ய, தறியில ரெண்டு பேர் வேணும். நெய்யறவர் ஆஸ்பத்திரியில படுத்தா அவர் கூலி மட்டும் நிக்காது, பக்கத்துல உட்கார்ந்து கோர்வை வாங்குறவர் கூலியும் நிக்கும். பிள்ளையார்பாளையத்துல இருந்து ஒரு நெசவாளரை அட்மிட் பண்ணினா, கூட வர்றவங்களுக்கு அங்க கழியற ஒவ்வொரு நாளும் காசு. கை ஓங்கறதுக்கு இது நியாயம் ஆகாது. ஆனா காத்திருப்பு எங்க கோபமா மாறுதுன்னு தெரிஞ்சாதான் தடுக்க முடியும்.

இந்த ஊருக்குக் கூட்டத்தைப் பத்திப் பாடம் எடுக்கவும் வேண்டாம். 2019-ல் அத்திவரதர் 48 நாள் தரிசனம் தந்தப்போ, வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் வந்ததா கணக்கு. நெரிசல்ல உயிரும் போச்சு, அதையும் மறக்கக் கூடாது. எந்த வாசல்ல உள்ளே, எந்த வாசல்ல வெளியே, எவ்வளவு நேரம் ஆகும்னு தெரிஞ்ச வரிசை அமைதியா நகரும். தெரியாத வரிசைதான் முண்டும். வார்டு வாசலும் அப்படித்தான். ஒரு நோயாளிக்கு ஒரு அடையாளப் பட்டை, குடும்பத்துக்குத் தகவல் சொல்ல ஒரு குறிப்பிட்ட நேரம், சொல்ல ஒரு குறிப்பிட்ட ஆள். கிண்டி சம்பவத்துக்குப் பிறகு சென்னையின் பெரிய அரசு மருத்துவமனைகளில் உடன் இருப்பவர்களுக்கு நிறப் பட்டை கட்டத் தொடங்கினார்கள். பட்டை கூட்டத்தைக் குறைக்கும். தகவலும் கூடவே வந்தாதான் கோபம் குறையும்.

தாக்குறவர் உள்ளே இருந்தா?

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, "பணியிடம்" என்ற வரையறையிலேயே மருத்துவமனையையும் நர்சிங் ஹோமையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம். 3 மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். ஒப்பந்த நர்ஸ், பயிற்சி மாணவி எல்லோருக்கும் இது பொருந்தும். நோயாளியோட உறவினர் தப்பா நடந்தாலும், அப்படி வந்துபோகிறவர்களிடமிருந்து பாதுகாப்பது முதலாளியின் கடமை என்று சட்டம் சொல்கிறது.

கேட்டுக்கிட்டிருக்கிற நர்ஸ்களுக்கு

சம்பவம் நடந்தா முதல்ல அந்த இடத்தை விட்டு நகருங்க. தனியா இருக்காதீங்க. சின்னக் காயமா இருந்தாலும் உங்க பேருக்கே ஒரு ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் என்ட்ரி போடச் சொல்லுங்க. தேதி, நேரம், பார்த்தவங்க, சொன்ன வார்த்தை எல்லாத்தையும் அன்னைக்கே எழுதுங்க. சிசிடிவி பதிவை அழிக்காம எடுத்து வைக்கச் சொல்லி எழுத்துல கேளுங்க. புகாரை நிர்வாகம் வழியா கொடுங்க. 2008 சட்டத்தைக் குறிப்பிடுங்க. ஸ்டேஷன்ல சி.எஸ்.ஆர். ரசீது வாங்காம வராதீங்க. எஃப்.ஐ.ஆர். போட்டா அதோட நகல் இலவசம்.

மத்தவங்களுக்கு

நாம எல்லாருமே என்னைக்காவது ஒரு நாள் அந்த வார்டு வாசல்ல நிக்கப்போறோம். அப்போ குடும்பத்துல ஒருத்தரை மட்டும் பேச விடுங்க. "டாக்டர் எங்க?"ன்னு கேட்கறதை விட, "அடுத்த தகவல் எத்தனை மணிக்கு, யார்கிட்ட கேட்கணும் சிஸ்டர்?"னு கேளுங்க. குறை இருந்தா 104-க்குப் போன் பண்ணுங்க, மருத்துவமனைத் தலைமைக்கு எழுதிக் கொடுங்க. பக்கத்து பெட்காரர் நர்ஸ்கிட்ட எகிறினா, போனை எடுத்து வீடியோ பிடிக்கறதுக்கு முன்னாடி அந்த சிஸ்டர் பக்கத்துல போய் நில்லுங்க. ரெண்டு பேரா நிக்கும்போது ஓங்கின கை பெரும்பாலும் இறங்கிடும்.

இந்த எபிசோடுக்காகப் பேசினப்போ, கடைசியா பெரியம்மாகிட்ட ஒண்ணு கேட்டேன். அந்த மகன் மேல இன்னும் கோபம் இருக்கான்னு. "அவன் முகமே மறந்து போச்சு. விடியற வரைக்கும் அவங்கப்பாவைப் பார்த்துக்கிட்டேன், நல்லாத்தான் டிஸ்சார்ஜ் ஆனாரு. இன்சார்ஜ் கேட்ட கேள்விதான் மறக்கலை"ன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே கேட்டாங்க: "இப்பவாவது எழுதி வைக்கிறாங்களாடா?"

நர்ஸ் யாராவது இதைக் கேட்டுக்கிட்டிருந்தா, உங்க வார்டுல அப்படி ஒரு நோட்டு இருக்கான்னு நாளைக்குப் பாருங்க. இல்லைன்னா, ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கி நீங்களே முதல் வரியைத் தொடங்குங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.